உரும்பிராய் ஒஸ்ரினுக்கு ஓர் ஐட்லர்

உரும்பிராயில் பொன்னம்பலத்தாரைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் வழி கேட்கச் சிரமமில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர், கலியாணம் கட்டாதவர், கொட்டிலுக்குள் பழைய ஒஸ்ரின் கார் வைத்திருப்பவர் என்று எதைச் சொன்னாலும் போதும், சின்னப்பிள்ளையும் கையைக் காட்டும். அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள், ஆனால் அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள். கூடப்பிறந்த ஒரே தங்கச்சியோடு கதை பேச்சு இல்லாதவர் என்பதுதான் அது.

தகப்பன் புகையிலை வியாபாரி. பாடம் போட்ட புகையிலை நல்ல விலை போன ஒரு வருடத்தில், கொழும்பில் ஒரு டொக்டர் பாவித்துவிட்டு விற்ற ஒஸ்ரின் சோமர்செற் காரை வாங்கிக்கொண்டு வந்தார். பூசணிக்காய் போல உருண்டையான கார். தங்கச்சி அருந்ததிக்கு அப்போது பாவாடை கட்டும் வயது. முன் இருக்கையில் இடப்பக்கம் அவளுடைய இடம். வேறு யாராவது அதில் ஏறியிருந்தால் கார் வெளிக்கிடாது. அவள் வெளிக்கிட விடமாட்டாள். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, ஒழுங்கையெல்லாம் புகையடித்து, அந்தக் காரில்தான் அவளைக் கலியாணம் முடித்துச் சாவகச்சேரிக்கு அனுப்பினார்கள். பிறகு எல்லாரும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை. கார் இருந்தது.

அருந்ததியின் சீதனம் முழுதாகச் சேருமுன் தகப்பன் கண்ணை மூடிவிட்டார். மீதியைத் தோளில் ஏற்றியவர் பொன்னம்பலத்தார். தங்கச்சியைக் கரைசேர்த்துவிட்டுத் தன்னைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்தார். கரைசேர்த்து நிமிர்ந்து பார்த்தபோது சண்டை முற்றியது, இடப்பெயர்வு வந்தது, அதற்குப் பிறகு வயது வந்துவிட்டது. அதற்காக அவர் ஒருநாளும் அவளைக் குறை சொன்னதில்லை. குறை சொல்ல அவருக்கு வேறு விடயம் கிடைத்தது.

அருந்ததியின் மகள் தனுசியா பெரியபிள்ளையானாள். சமாதானம் என்று பாதைகள் திறந்து, ஊருக்குள் கைபேசி வந்து, எல்லாரும் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் போன் எடுத்துக் கதைத்த காலம். சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்தார்கள். அருந்ததியும் புருசன் சபாலிங்கமும் தென்மராட்சி முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, நேரே நின்று சொன்னார்கள். அதுதான் முறை. நல்ல காரியத்துக்கு வந்து சொல்லவேண்டும். வந்து சொல்லாத வீட்டுக்கு மானமுள்ளவன் போகமாட்டான். தாய்மாமன் பொன்னம்பலத்தாருக்கு மட்டும் சபாலிங்கம் போனில் சொன்னார்.

சபாலிங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மாமன் சொந்த வீட்டுக்காரன். தேங்காய் உடைத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கத் தொடங்கி வைக்கிறவன். அவனோடு சேர்ந்தல்லவா மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவனுக்கு யார் சொல்வது என்பது அவருடைய கணக்கு. பொன்னம்பலத்தாரின் கணக்கு வேறு. ஊரில் உள்ள கண்டவன் நின்றவனுக்கெல்லாம் வாசல் ஏறிச் சொன்னவர்கள், தன்னைப் போனில் முடித்துவிட்டார்கள். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அன்று முழுக்க வீட்டிலேயே இருந்தார். மாமன் வருவான், வருவான் என்று நேரம் கடத்திவிட்டு, கடைசியில் சபாலிங்கத்தின் ஒன்றுவிட்ட தம்பியைக் கொண்டு தேங்காய் உடைப்பித்தார்கள். சபை நடுவில் அருந்ததி அழுதாளாம். என்ரை அண்ணை இனிக் கூப்பிட்டு வரவேண்டாம், தானாக வந்தால் வரட்டும் என்று சொன்னாளாம். அந்தச் சொல் கைதடிப் பாலம் தாண்டி உரும்பிராய்க்கு வந்து சேர அதிக நேரம் எடுக்கவில்லை.

வீம்பு என்றால் இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் காய்ச்சியது. தனுசியாவின் கலியாணத்துக்கு அட்டை தபாலில் வந்தது. தபால் என்பது போனைவிட ஒரு படி கீழே. பொன்னம்பலத்தார் அதைச் சுவாமி அறைத் தட்டில் வைத்தார், போகவில்லை.

இந்தச் சண்டைக்குள் அகப்பட்டுக்கொண்டது காரின் ஐட்லர். ஒஸ்ரின் காரில் ஸ்ரியறிங் பெட்டி வலப்பக்கம் இருக்கிறது. அது வலச்சில்லைத் திருப்பும். இடச்சில்லும் கூடத் திரும்ப வேண்டுமென்றால் இடப்பக்கத்தில் ஒரு முழம்கூட இல்லாத இரும்புக் கையொன்று ஆடிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஐட்லர் என்று பெயர். அந்தக் கை இல்லாவிட்டால் இடச்சில்லு தன் பாட்டுக்குப் போகும். சாமத்தியச் சடங்குக்குக் கொஞ்சம் முன்னால் அதன் உள்வளையமான புஷ் தேய்ந்து சில்லு ஆடத் தொடங்கியது. சாவகச்சேரியில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது, புது புஷ் போட்டுத் தாறன் என்று சபாலிங்கம் கழற்றிக்கொண்டு போனார். பிறகு சண்டை. ஐட்லர் அங்கே, கார் இங்கே. பொன்னம்பலத்தார் காரை மரக்குற்றிகளில் தூக்கி வைத்துச் சாக்கால் மூடினார். திருப்பித் தா என்று ஒருவரிடமும் சொல்லி அனுப்பவில்லை. அவர்களும் இந்தா என்று அனுப்பவில்லை.

அப்படியே இருபது வருடம் போய்விட்டது. அறுபத்தெட்டு வயதில் பொன்னம்பலத்தார் மத்தியானம் ஒருதரம் உலை வைப்பார். இரவுக்கும் அதே சோறு. பென்சன் எடுக்கப் போகும் நாளில் வங்கிக் கவுண்டரில் இருக்கும் பெட்டையோடு இரண்டு வார்த்தை கதைப்பார். சில கிழமைகளில் தன் குரலைத் தானே கேட்பது கோயிலில் தேவாரம் பாடும்போது மட்டும்தான். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று ஊர் நினைத்தது. அவருக்கு அது பழகவில்லை. வெளியில் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தார், அவ்வளவுதான்.

சென்ற பங்குனியில் சங்கக்கடையில் முன்பு அவரோடு வேலை செய்த பராசக்தி படலையில் நின்று ஒரு செய்தி சொன்னாள். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் அருந்ததியைக் கண்டாளாம். இதய வருத்தம். கால் இரண்டும் வீங்கி, செருப்புப் போட ஏலாமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாளாம். வியாழனுக்கு வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்களாம். பொன்னம்பலத்தார் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று உலை வைக்கவில்லை.

மூன்று நாள் யோசித்துவிட்டு, சந்திக்குப் பக்கத்தில் கராச் வைத்திருக்கும் சுதாகரனிடம் போய்க் காரைத் திருத்த வேண்டும் என்றார்.

அவருடைய எண்ணம் எளிமையானது. வெறுங்கையோடு அந்த வாசலில் போய் நின்றால் தோற்றுப்போனதாக ஆகும். கூப்பிடாத வீட்டுக்கு ஒருவன் போக ஒரு காரணம் வேண்டும். ஒரு வியாழக்கிழமை விடிய, தகப்பனின் ஒஸ்ரினைக் கொண்டுபோய் அவள் படலையில் நிறுத்தினால், அது காரணம். ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போக வந்தனான், ஏறு என்று சொல்லலாம். வேறு எதுவும் கதைக்கத் தேவையில்லை. அவளும் தன்னுடைய இடத்தில் ஏறியிருப்பாள். கார் கைதடி தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் வாய் திறந்துவிடும் என்று அவர் நம்பினார்.

சுதாகரன் கைதேர்ந்த வேலைகாரன். இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் டீசலை ஊற்றி ஊறவைத்து இளக்கினான். எலி தின்ற வயர்களை மாற்றினான். பிறேக், ரயர், பற்றறி எல்லாம் பார்த்தான். ஆவணி பிறந்தபோது கார் உறுமியது. ஐயா, ஐட்லரைத் தாங்கோ, பூட்டிவிட்டால் றோட்டில் இறக்கலாம் என்றான். அது தொலைந்துவிட்டது என்றார் பொன்னம்பலத்தார்.

பாருங்கள் இந்த மனிசனை. அந்த வீட்டுக்குப் போகக் கார் வேண்டும், கார் ஓட ஐட்லர் வேண்டும், ஐட்லர் அந்த வீட்டில் இருக்கிறது. இதைச் சுதாகரனிடம் சொன்னால் அவன் சிரிப்பான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தொலைந்தது என்றார். தொலைந்த சாமானைத் தேடத்தானே வேண்டும். தேடினார்.

சுதாகரன் முதலில் ஒஸ்ரினின் இன்னொரு வகையான கேம்பிறிஜ் காரின் ஐட்லர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். கை நீளம் கூட, ஓட்டையும் பொருந்தவில்லை. புதிதாக ஒன்றைக் கடைந்து தரச் சொல்லிக் கொக்குவிலில் லேத் வைத்திருப்பவரிடம் போனார்கள். ஸ்ரியறிங் சாமானை வெட்டி ஒட்டிக் கொடுத்து ஒரு வயதுபோன மனிசனைக் கொல்லத் தன்னால் ஏலாது என்று அவர் கையை விரித்தார். யாழ்ப்பாணத்தில் முன்பு ஒஸ்ரின் கார்கள் வரிசையாக நின்ற வாடகைக் கார்த் தரிப்பிடத்தில் இப்போது ஓட்டோக்கள் நின்றன. அங்கே பழைய சாரதி ஒருவர் அகப்பட்டார். அவர் ஐட்லரைப் பற்றிக் கதைக்காமல் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார். பொன்னம்பலத்தார் பொறுமையாகக் கேட்டார். ஒரு ஆளோடு இருந்து கதைத்து அவருக்கும் கனகாலம்.

சாவகச்சேரிக்கும் போனார். சந்தைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள் என்பது சாட்டு. கடையில் ஒஸ்ரினின் முன் கிறில் ஒன்று கிடந்தது, வேறு எதுவுமில்லை. வெளியே வந்தவர் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கினார். நல்ல பெரிய பழம். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அருந்ததியின் ஒழுங்கை திரும்பும் முடக்கு வரை நடந்தார். அங்கே ஒரு வேலிக் கதியாலுக்குப் பக்கத்தில் நின்றார். அவளுடைய வீட்டுக் கூரை அங்கிருந்து தெரியும். கொடியில் சேலை காய்ந்தது. சைக்கிளில் போன ஒருவர், ஆரிட்டை போறியள் ஐயா என்று கேட்டார். வழி மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி நடந்து, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். ஒரு ஆள் எவ்வளவு சுளை தின்னலாம். மிச்சம் பழுத்து மணத்து, வீடெல்லாம் ஈ மொய்த்தது. அதை வெட்டிப் புதைத்த அன்று கொல்லையில் நின்று அழுதார். ஏன் அழுகிறேன் என்று தன்னையே கேட்டார். பலாப்பழத்துக்காக இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

கடைசியில் சுதாகரன்தான் துப்புக் கொண்டுவந்தான். பண்டத்தரிப்பில் வினிபிரட் ரீச்சர் என்று ஒருவர் இருக்கிறாராம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். புருசன் ஜெபநேசன் இறந்த நாளிலிருந்து அவருடைய சோமர்செற் பின்வளவில் நிற்கிறதாம், ஒரு ஆணிகூடக் கழற்றவில்லையாம்.

பொன்னம்பலத்தார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். ரீச்சருக்கு எண்பது வயது இருக்கும். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கண்ணை மூடிச் சின்னதாக ஜெபம் செய்து, குடியுங்கோ என்றார். பிறகு பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் முருங்கைக்குக் கீழே நின்றது. நாலு ரயரும் மண்ணோடு மண். பொன்னம்பலத்தார் குப்புறப் படுத்து இடப்பக்கம் எட்டிப் பார்த்தார். ஐட்லர் இருந்தது. கிறீஸ் காய்ந்து கட்டியாகி அதை மூடியிருந்தபடியால் கறள் ஏறவில்லை. அதற்கு நேர் கீழே, சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில், ஒரு பேட்டுக்கோழி செட்டையை விரித்துக்கொண்டு அவரை முறைத்துப் பார்த்தது.

விற்கமாட்டேன் என்றார் ரீச்சர். புருசனின் காரில் ஒரு சாமான் குறைந்தால் அது அவருடைய கார் இல்லை. ஆனால் இரவல் தருவேன், வேறு ஒன்று கிடைத்த பிறகு கொண்டுவந்து பூட்டிவிட வேண்டும் என்றார். பொன்னம்பலத்தார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இப்பதான் அடை வைச்சது," என்றார் ரீச்சர் கோழியைக் காட்டி. "உதிலை நிண்டு சுத்தியலாலை தட்டினால் பேடு எழும்பிப் போடும், முட்டையெல்லாம் கூழாய்ப் போம். குஞ்சு பொரிக்க மூண்டு கிழமை. உங்களுக்கு அவசரமோ?"

கேள்வி நேரே வந்தது. தங்கச்சிக்கு வருத்தம், அவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். தங்கச்சியோடு ஏன் கதையில்லை, எவ்வளவு காலமாகக் கதையில்லை, போனில் சொன்னதற்காகவா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்பின் தெரியாத மனிசிக்கு முன்னால் அதை விரித்துக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"அவசரம் ஒண்டுமில்லை, ரீச்சர்," என்றார்.

கோழிக்காகக் காத்திருந்தார். வியாழக்கிழமைகளில் மட்டும் விடிய எழும்பி, கொட்டிலுக்குள் போய், முன் இருக்கையின் இடப்பக்கத்தைத் துடைத்தார். அந்த இருக்கைக்குப் புதிதாக றெக்சீன் உறை தைப்பித்திருந்தார். வீங்கிய காலை நீட்ட இடம் காணுமோ என்று தானே ஏறியிருந்து பார்த்தார். போதாது என்று பட்டது. சுதாகரனைக் கொண்டு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுவித்தார்.

குஞ்சு பொரித்தது. சுதாகரனும் அவரும் ஓட்டோவில் நட்டுக் கழற்றும் சாவிகளோடு போய்ச் சேர்ந்தார்கள். தாயும் குஞ்சுகளும் வளவுக்குள் கிண்டிக்கொண்டு திரிந்தன. ஐட்லரைக் கழற்றி எடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. சுதாகரன் சாவிகளை ஓட்டோவில் வைக்கப் போயிருந்த நேரம், சாக்கில் சுற்றும்போது ரீச்சர், இனி ஆரை ஏத்திக்கொண்டு ஓடப் போறியள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். சாமான் கைக்கு வந்துவிட்ட சந்தோசத்தில் பொன்னம்பலத்தாருக்கு வாய் இளகியிருந்தது. தங்கச்சியை, கிளினிக்குக்கு, அவளுக்கு இதய வருத்தம் என்று சொல்லிவிட்டார்.

ரீச்சரின் முகம் மாறியது. "அவசரமில்லை எண்டல்லோ சொன்னனீங்கள்," என்றார். "ஒரு சொல் சொல்லியிருந்தால் பேட்டைத் தூக்கிக் கடகப் பெட்டிக்கை வைச்சிருப்பனே. அது கடகத்துக்கையும் பொரிச்சிருக்கும்."

பொன்னம்பலத்தார் சாக்கின் வாயைக் கட்டினார். பரவாயில்லை ரீச்சர், இந்த வியாழன் போவேன் என்றார்.

திங்கள் மாலை ஐட்லர் பூட்டியாயிற்று. கோப்பாய் வரை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு சில்லும் ஒரு சொல்லுக்குத் திரும்பின. சந்தியில் நின்றவர்கள் கை காட்டினார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். பொன்னம்பலத்தாருக்கு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பசித்தது. வழியில் கடையில் நிறுத்திச் சுதாகரனுக்கும் தனக்கும் கொத்துரொட்டி வாங்கினார். வியாழன் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், படலையில் ஹோர்ன் அடிப்பதா இறங்கிப் போவதா என்று சுதாகரனிடம் யோசனை கேட்டார். தங்கச்சி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவன் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

புதன் விடிய சுதாகரன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கராச் திறக்கும் நேரம். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு போனை நீட்டினான்.

மரண அறிவித்தல். அருந்ததியின் படம் இருந்தது. ஏதோ ஒரு கலியாண வீட்டில் எடுத்த படம், தலையில் பூ. பொன்னம்பலத்தார் கண்ணாடியைத் தேடவில்லை, போனைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். சபாலிங்கத்தின் பாசமிகு மனைவியும், தனுசியாவின் அன்புத் தாயாரும், பொன்னம்பலத்தின் அன்புச் சகோதரியும் ஆவார் என்று இருந்தது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று கீழே வழக்கமான வசனம். அதைத் திரும்பவும் வாசித்தார். இது நேரே வந்து சொன்னதல்ல, போனில் வந்தது. ஏற்றுக்கொண்டார். செத்த வீட்டுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. கேள்விப்பட்டால் போகவேண்டும். எந்தக் காரணமும் இல்லாமல் அந்த வாசலுக்குப் போகலாம் என்ற நாள் அவருக்கு இப்படித்தான் கிடைத்தது.

பஸ்ஸில் போவோம் ஐயா, நடுக்கத்தோடு ஓட்டவேண்டாம் என்றான் சுதாகரன். கேட்கவில்லை. பொன்னம்பலத்தார் வேட்டியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினார். சுதாகரன் பின்னால் ஏறினான். முன்னுக்கு ஏறச் சொல்லி அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கோப்பாய், கைதடி தாண்டிக் கண்டி வீதியில் ஏறினார்கள். கார் நூல் பிடித்ததுபோல நேரே ஓடியது. இன்றைக்கென்று ஒரு பழுதும் வரவில்லை. வந்திருந்தால் இறங்கி நின்று யாரையாவது ஏசியிருப்பார், அதற்கும் வழியில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

அந்த ஒழுங்கை நிறையச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும். பறை அடித்துக்கொண்டிருந்தது. உருண்டைக் கார் வந்து படலையில் நின்றபோது கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். தமையன் வந்திட்டார் என்று யாரோ உள்ளே சொன்னார்கள். பெண்களின் அழுகை ஒருதரம் உயர்ந்து அடங்கியது. சபாலிங்கம் கதிரையிலிருந்து எழும்ப முயன்றார். பொன்னம்பலத்தார் போய் அவருடைய தோளை அமத்தி இருத்தினார். கதைக்க வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

அவளைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குத் தெரிந்த தலை கறுப்பு. கால் வீக்கம் வடியவில்லை, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி சதைக்குள் புதைந்திருந்தது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியது சரிதான் என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒரு எண்ணம் வந்ததற்காகத் தன்னை வெறுத்தார். வாய்க்கரிசி போட்டார். அரிசி கழுத்தில் சிந்தியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டு நின்றார்கள்.

சுடலைக்குப் போய் வந்து, முழுகி, ஈர வேட்டியோடு முற்றத்துக் கதிரையில் இருந்தார். சனம் குறையத் தொடங்கியது. தனுசியா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாமத்தியச் சடங்கில் அவர் பார்க்காத பிள்ளை, இப்போது முப்பது தாண்டிய பெண். தாயின் நெற்றி. அழுது களைத்த முகத்தோடு அவர் பக்கத்தில் நின்றாள்.

காரைப் பார்த்தேன் மாமா, ஓடுகிறதே என்றாள். ஓம் பிள்ளை, திருத்தினேன் என்றார் அவர். பிறகு உள்ளே போய் ஒரு பழைய துவாயில் சுற்றிய பாரமான சாமானைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் பிரித்தார். தகப்பனின் காருடைய ஐட்லர். ஒரு பக்கத்தில் பித்தளை புஷ் புதுக்கருக்குக் குலையாமல் மஞ்சளாக இருந்தது.

"அப்பா அப்பவே புஷ் போட்டுக் கொண்டந்திட்டார், மாமா," என்றாள் தனுசியா. "குடுத்து விடுவமெண்டு எத்தினை தரமோ வெளிக்கிட்டவர். அம்மா விடேல்லை. தன்ரை கட்டிலுக்குக் கீழைதான் வைச்சிருந்தவ."

"ஏன் பிள்ளை?"

"அண்ணைக்கு இஞ்சை வாறதுக்கு உது ஒண்டுதான் இருக்கு, உதையும் அனுப்பிப் போட்டால் அவர் என்னத்தைச் சொல்லிக்கொண்டு வருவார் எண்டுவா. சாமானைத் தா எண்டு கேட்டு வரட்டும், வந்தால் இருத்திச் சாப்பாடு குடுத்துத்தான் விடுவன் எண்டு சொல்லுவா. கிட்டடி நாளிலையும் சொன்னவ."

பொன்னம்பலத்தார் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்குவில், யாழ்ப்பாணம், பண்டத்தரிப்பு என்று அவர் அலைந்தது இந்த வாசலுக்கு வர ஒரு காரணம் தேடித்தான். அந்தக் காரணத்தை அவள் அவருக்காகவே கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பலாப்பழத்தோடு முடக்கில் நின்ற அன்று இன்னும் கொஞ்சம் நடந்து, என்ரை ஐட்லரைத் தா என்று கோபமாகவே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் போதும். கோழிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, காரே தேவையில்லை. வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு, வயதுபோன ஆண்கள் சபையில் அழாத மாதிரி அழுதார். தனுசியா அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்ந்தது. சுதாகரன் வந்து, இருட்ட முதல் போவோம் ஐயா, முன் லைற் சரியாக எரியாது என்றான். பொன்னம்பலத்தார் எழும்பினார். ஐட்லரைத் திரும்பவும் துவாயில் சுற்றித் தனுசியாவின் கையில் கொடுத்தார்.

"இது இஞ்சை இருக்கட்டும், பிள்ளை."

"காருக்கு வேணுமெல்லோ, மாமா?"

"வேணும். இப்ப பூட்டியிருக்கிறது இரவல், அதைத் திருப்பிக் குடுக்கவேணும். நான் வந்து எடுக்கிறன்."

செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர்கள் போட்டு வாறன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் எழும்பிப் போய்விடுவார்கள். பொன்னம்பலத்தாருக்கு அது தெரியாததல்ல, முறை தவறாத மனிசன். படலையில் நின்று திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"வாறன், பிள்ளை."

உள்ளே இருந்த பெண்களில் ஒருத்தி, உதென்ன கதை என்று முணுமுணுத்தாள். தனுசியா துவாய்ப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படலை வரைக்கும் வந்தாள்.

"வாங்கோ, மாமா," என்றாள்.